‘இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டீர்கள்’ என்று சம்மன் வந்தால்: வண்டி வைத்திருக்கும் வீட்டுக்குச் சில குறிப்புகள்

பால் வாங்க, பிள்ளையைப் பள்ளியில் விட, ரேஷன் கடைக்குப் போக என்று இப்போது எல்லாவற்றுக்கும் வண்டிதான். அப்படி இருக்கையில் ஒருநாள் திடீரென்று, “விபத்து நடந்த இடத்தில் நிற்காமல் போனீர்கள்” என்று ஒரு காகிதம் வந்தால் வீடே கலங்கிப்போகும். கலங்க வேண்டாம், நண்பர்களே. நம் பக்கம் நியாயம் இருந்தால் அதைச் சொல்லச் சட்டமே வழி வைத்திருக்கிறது. உரிய நேரத்தில் நான்கு காகிதத்தைச் சேர்த்து வைத்துவிட்டால் பின்னால் அலைச்சலும் செலவும் நிறையக் குறையும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடித்ததும் உண்மை, அடிபட்டவரைப் பார்த்துவிட்டுப் போனதும் உண்மை என்றால், முதல் வேலை அவர் எப்படி இருக்கிறார் என்று விசாரிப்பது. அடுத்த வேலை ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவது. கீழே சொல்பவை தவறாகப் பழி வந்தவர்களுக்கும், நியாயமான காரணத்தால் இடத்தைவிட்டு நகர நேர்ந்தவர்களுக்கும்தான்.

1. வந்த காகிதம் என்ன என்று முதலில் பாருங்கள். சலான் வேறு, போலீஸ் விசாரணை நோட்டீஸ் வேறு, கோர்ட் சம்மன் வேறு. எதற்கு எங்கே பதில் சொல்வது, எத்தனை நாளுக்குள் என்பது அந்தத் தாளிலேயே இருக்கும். அந்தத் தேதியைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுக் காலண்டரிலும் குறித்துவிடுங்கள்.

2. அடுத்து, எந்தப் பிரிவு என்று தேடுங்கள். விபத்துக்குப் பிறகு ஓட்டுநர் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 187-வது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் சிறை ஒரு வருடம் வரை போகும், அபராதம் 10,000 ரூபாய்.

3. இந்த 187, ரோட்டோரத்தில் பணம் கட்டி முடிக்கிற வகையில் வராது. எந்தெந்தக் குற்றத்தை அபராதத்தோடு முடிக்கலாம் என்று 200-வது பிரிவு தரும் பட்டியலில் இது இல்லை. “இங்கேயே கட்டிவிடுங்கள், கேஸே இருக்காது” என்று யாராவது சொன்னால், “எந்தப் பிரிவு, ரசீது எங்கே?” என்று பணிவாகக் கேளுங்கள்.

4. ஒரே சம்பவத்துக்கு இரண்டு மூன்று காகிதம் வருவதும் உண்டு: ஹெல்மெட்டுக்குச் சலான், 187-க்குச் சம்மன், அஜாக்கிரதையாக ஓட்டியதாக பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவில் எஃப்.ஐ.ஆர். ஒன்றைக் கட்டிவிட்டால் மற்றது தானாகப் போய்விடாது. எஃப்.ஐ.ஆர். இருக்கிறது என்றால் சலான் தொகை சின்னதாக இருந்தாலும் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகே கட்டுங்கள்.

5. “பத்து வருஷம் ஜெயில்” என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துவார்கள். அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2): உயிர் போன விபத்தில் போலீஸுக்குச் சொல்லாமல் தப்பி ஓடுவதற்கானது. 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் அதை எதிர்த்துப் போராடினார்கள். அந்த ஆண்டு ஜூலை 1-ல் மற்ற பிரிவுகள் அமலுக்கு வந்தபோது அதை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். ஆனால் அலட்சியத்தால் மரணம் என்ற 106(1) அமலில் இருக்கிறது, அதற்கு 5 ஆண்டு வரை உண்டு. அந்த அளவு விஷயம் என்றால் குறிப்புகளை நம்பி இருக்காமல் அன்றே நல்ல கிரிமினல் வக்கீலைப் பாருங்கள்.

6. வாட்ஸ்அப்பில் சலான் என்று வரும் இணைப்பையும் ஃபைலையும் தொடவே தொடாதீர்கள். போலிச் சலானைக் காட்டிச் செயலியை இறக்க வைத்து வங்கிக் கணக்கைச் சுரண்டும் கூட்டம் இருக்கிறது. பரிவாகன் இ-சலான் தளத்தை நீங்களே தேடிப் போய், வண்டி எண்ணைக் கொடுத்துப் பாருங்கள்; நிஜமான சலான் என்றால் அங்கே இருக்கும்.

7. குற்றம் சாட்டப்பட்டவரை விசாரணைக்கு அழைக்கும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. அதற்காகச் சும்மா இருந்துவிடவும் வேண்டாம். ஸ்டேஷன் நம்பரை நீங்களே தேடி எடுத்து, அப்படி ஒரு நோட்டீஸ் உண்மையிலேயே இருக்கிறதா என்று ரைட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

8. வண்டி எண், மாடல், நிறம், இடம், தேதி, நேரம் ஆகிய ஆறையும் விரல் வைத்து ஒப்பிடுங்கள். எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் அடுத்தவர் வண்டியின் பழி நம் தலையில் விழும். சலானோடு கேமரா படம் இருந்தால் அதைப் பெரிதாக்கிப் பார்த்துப் பிரதி எடுத்து வைத்துவிடுங்கள்.

9. படத்தில் இருப்பது நம் வண்டியே இல்லை, நம் எண்ணை யாரோ ஒட்டிக்கொண்டு திரிகிறார்கள் என்று தெரிந்தால் உடனே புகார் கொடுங்கள். உங்கள் வண்டியை நான்கு பக்கமும் படம் எடுங்கள்: பழைய கீறல், பிள்ளை ஒட்டிய ஸ்டிக்கர், பின்னால் போட்ட கம்பி, எல்லாம் அடையாளம். 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் உண்டு. அதில் இருக்கும் லேசர் எண்ணையும் நெருக்கமாக ஒரு படம் எடுத்து வையுங்கள்.

10. விற்ற வண்டிக்கு நோட்டீஸ் வருவது நிறைய வீடுகளில் நடக்கிறது. ஆர்.சி.யில் யார் பெயரோ அவரைத்தான் சட்டம் உரிமையாளராகப் பார்க்கும், 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. படிவம் 29, 30-ன் பிரதி, வாங்கியவர் கையெழுத்து, விற்ற தேதியோடு நேரம் எழுதிய டெலிவரி நோட்டு மூன்றையும் தூக்கிப் போடாதீர்கள். அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிப்பது விற்றவர் கடமை.

11. வண்டி நம்முடையது, ஓட்டியது வேறு ஆள் என்றால், போலீஸ் கேட்கும்போது ஓட்டியவர் பெயரையும் லைசென்ஸ் விவரத்தையும் சொல்ல வேண்டியது உரிமையாளர் கடமை (மோட்டார் வாகனச் சட்டம், 133-வது பிரிவு). மகனைக் காப்பாற்ற அப்பா, “நான்தான் ஓட்டினேன்” என்று பழியை ஏற்பது பாசமாகத் தெரியும், ஆனால் கேமராவில் முகம் தெரிந்துவிட்டால் இருவருக்கும் சேர்த்துச் சிக்கல். உள்ளதைச் சொல்வதுதான் கடைசியில் சல்லிசான வழி.

12. பதினெட்டு நிரம்பாத பிள்ளை ஓட்டியது என்றால் விஷயம் மிகவும் பெரிது. 199ஏ பிரிவில் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. சாவியை அலமாரியில் பூட்டி வையுங்கள், தாய்மார்களே. “தெருமுனை வரைக்கும்தானே” என்று கொடுக்காதீர்கள்.

13. ஒரு வீட்டில் ஒரு வண்டியை நாலு பேர் ஓட்டினால், தினசரி காலண்டர் தாளின் ஓரத்தில் யார், எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்று எழுதும் பழக்கம் வையுங்கள். இரண்டு மாதம் கழித்துச் சம்மன் வரும்போது, “அன்னைக்கு யார் எடுத்தது?” என்று சண்டை போட வேண்டியிருக்காது. கிழித்த தாளை ஒரு கிளிப்பில் மாட்டி வைத்தால் போதும், செலவே இல்லை.

இனி, சட்டமே நமக்கு வைத்திருக்கும் வாசல்களைப் பார்ப்போம். இந்தப் பகுதியை மட்டும் வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

14. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு ஓட்டுநருக்கு மூன்று கடமைகளைச் சொல்கிறது: அடிபட்டவருக்கு வைத்தியம் கிடைக்கச் செய்வது, போலீஸ் கேட்டால் விவரம் தருவது அல்லது போலீஸ் இல்லாவிட்டால் பக்கத்து ஸ்டேஷனில் கூடிய சீக்கிரம், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்வது. இந்த மூன்றையும் செய்தவரை, “ஓடிப்போனார்” என்று சொல்வது கடினம். உங்கள் பதில் முழுக்க இந்த மூன்றைச் சுற்றியே இருக்கட்டும்.

15. கூட்டம் கூடி அடிக்க வந்தால் உயிரைப் பணயம் வைத்து நிற்கச் சொல்லிச் சட்டம் கேட்கவில்லை. கூட்டத்தின் ஆவேசமோ நம் கையை மீறிய வேறு காரணமோ இருந்தால் விலக்கு உண்டு என்று வைத்தியம் பற்றிய கடமையோடு சேர்த்தே எழுதியிருக்கிறது. ஆனால் நகர்ந்தவர் நேராகப் போக வேண்டிய இடம் ஸ்டேஷன். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் அந்த விலக்கு வலுவிழந்துவிடும்.

16. பயந்து நகரும்போதே 108-க்கும் 112-க்கும் போன் போட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடும் 108-க்கு நீங்கள் கூப்பிட்ட நேரம் உங்கள் போனிலும் இருக்கும், அவர்கள் பதிவிலும் இருக்கும். ஒரு ரூபாய் செலவில்லாமல் அடிபட்டவருக்கு உதவியும் வந்து சேரும், நமக்குச் சாட்சியும் உருவாகும். அந்த அழைப்புப் பட்டியலை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

17. நீங்களே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் அதைவிட நல்ல பதில் கிடையாது. அரசு ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர்.-ல், யார் கொண்டுவந்து சேர்த்தார் என்று எழுதுவார்கள். அங்கே உங்கள் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். “யாரோ வழிப்போக்கர்” என்று எழுத விட்டுவிட்டால் நீங்கள் செய்த நல்ல காரியம் கணக்கில் வராமல் போய்விடும்.

18. அடிபட்டவர் வீட்டார் பணத்துக்குத் தவித்தால், ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய இந்தத் திட்டத்தில், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமில்லாமல் கிடைக்கும், தனியார் ஆஸ்பத்திரிகளும் அந்தப் பட்டியலில் உண்டு. கேஸ் இருக்கிறதோ இல்லையோ, இதைச் சொல்வது நம் கடமை.

19. ஸ்டேஷனில் வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். எழுதிக் கொடுத்து, மனுவைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள், அதில் இருக்கும் எண், தேதி, நேரம் மூன்றும்தான் உங்கள் 24 மணி நேரக் கணக்குக்கு ஆதாரம். என்னைக் கேட்டால், இந்தக் குறிப்புகள் அத்தனையிலும் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

20. ரசீது தர இழுத்தடித்தால் வாக்குவாதம் வேண்டாம். அதே மனுவைக் கமிஷனர் அல்லது எஸ்.பி. அலுவலகத்துக்கு மெயிலிலும், ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்பிவிடுங்கள். 2025 செப்டம்பரில் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டதால் கவுண்டரில் ஒப்புகையைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

21. நின்று பேசி, பெயர் விலாசம் கொடுத்து, எதிராளி, “பரவாயில்லை, போங்க” என்ற பிறகு கிளம்பியிருந்தால் அது தப்பி ஓடியதாகாது. 132-வது பிரிவு கேட்பதும் தேவையான அளவு நேரம் வண்டியை நிறுத்துவதைத்தான். இப்படி நேர்ந்தால் அங்கேயே அவர் நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், இரண்டு வண்டியும் தெரிய ஒரு படமும் எடுங்கள். பிறகு அவர் மனம் மாறினாலும் நீங்கள் நின்றதற்கு அத்தாட்சி இருக்கும்.

22. நெரிசலில் உரசியதே தெரியாமல் வந்துவிட்டவர்கள், வண்டியை உடனே கழுவவோ டிங்கரிங், பெயின்டிங் வேலைக்கு விடவோ வேண்டாம். பெரிய இடி என்றால் வண்டியில் தடம் இருக்கும். இல்லை என்பதே உங்களுக்குச் சாதகம். மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து எழுதும் வரை வண்டி அப்படியே இருக்கட்டும், பம்பரில் உள்ள தூசியைக்கூடத் துடைக்காதீர்கள்.

23. ஆடு, மாடு, கழுதை மேல் மோதினாலும் நிறுத்த வேண்டும். 132-வது பிரிவின் பட்டியலில் குதிரை, யானை, ஒட்டகம், கோவேறு கழுதை, செம்மறிகூட உண்டு, நாய் இல்லை. சட்டத்தில் பெயர் இல்லை என்பதற்காகத் துடிக்கும் ஜீவனை விட்டுப் போகாதீர்கள். பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்கு ஒரு போன் செய்ய இரண்டு நிமிடம் போதும்.

சாட்சியம் சேர்ப்பதில் நாள்தான் முக்கியம். தோசை மாவைப் போல இதையும் தள்ளிப்போடத் தள்ளிப்போடப் புளித்துவிடும்.

24. சி.சி.டி.வி. பதிவைத் தேடி மறுநாளே போய்விடுங்கள். இடம் நிறைந்ததும் பழையதை அழித்துப் புதியது பதிவாகும், அடுத்த மாதம் போனால் கிடைக்காது. மருந்துக் கடை, ஏ.டி.எம்., பேக்கரி, அப்பார்ட்மென்ட் வாசல் என்று பார்த்து, நீங்களே ஒரு பென்டிரைவ் கொண்டுபோய்க் கேட்டால் கடைக்காரருக்கும் சிரமமில்லை.

25. தர மறுத்தால், “இந்தத் தேதி, இந்த நேரப் பதிவை அழிக்காமல் வைத்திருங்கள்” என்று ஒரு கடிதம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு கோர்ட் மூலம் கேட்டு வாங்க அது உதவும். கேமராக் கடிகாரம் சில நிமிடம் முன்பின் ஓடலாம். உங்கள் போன் நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தையும் எழுதி வையுங்கள்.

26. வீடியோவை வெட்டாதீர்கள், வட்டம் போடாதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பித் தரத்தைக் குறைக்காதீர்கள். மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் கொடுக்க, பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அந்தப் படிவத்தை வக்கீலிடம் வாங்கி, பதிவு எடுத்துத் தந்தவரிடம் சூட்டோடு சூடாகக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

27. நம் வண்டியிலேயே கேமரா இருந்தால் அன்றே மெமரி கார்டைக் கழற்றி உறையில் போட்டுவிடுங்கள். வேறு கார்டு வாங்கும் செலவு கொஞ்சம்தான். அதே கார்டில் ஓட்டிக்கொண்டே இருந்தால் வேண்டியது அழிந்துவிடும்.

28. அந்த நேரத்தில் நீங்கள் வேறு ஊரில் இருந்தீர்களா? ஃபாஸ்டேக் எஸ்.எம்.எஸ்., பெட்ரோல் பில், பார்க்கிங் டோக்கன், ஜவுளிக்கடை ரசீது எல்லாம் பேசும். இந்தப் பளபளப்புத் தாள் ரசீதுகள் சில மாதத்தில் வெளுத்து வெள்ளைத் தாளாகிவிடும், அதனால் கிடைத்த அன்றே ஜெராக்ஸ் எடுத்து அசலோடு சேர்த்துப் பின் குத்துங்கள்.

29. சம்பவம் நடந்த இடத்தை அதே நேரத்தில் போய்ப் படம் எடுங்கள். இரவு எட்டு மணி விபத்துக்குப் பகல் படம் எடுத்தால் தெருவிளக்கு எரியாதது தெரியுமா? வேகத்தடை, பள்ளம், மறைக்கும் பேனர், வண்டி நிறுத்த இடமில்லாத பாலம் எல்லாம் படத்தில் வரட்டும்.

30. பூக்காரம்மா, டீக்கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்மார்கள் ஆகியோர் எல்லாம் பார்ப்பவர்கள். பெயரும் நம்பரும் வாங்கி, வந்து சொல்வார்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள். கற்றுக்கொடுத்த சாட்சி குறுக்கு விசாரணையில் நிற்காது.

31. அன்று இரவே நடந்ததை ஒரு தாளில் உங்கள் கையால் எழுதித் தேதி போடுங்கள். பின்னால் உட்கார்ந்து வந்தவரும் தனியாக எழுதட்டும், ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்க வேண்டாம். எத்தனையோ வாய்தா கழித்துக் கூண்டில் ஏறும்போது மனது மறந்ததை அந்தத் தாள் நினைவூட்டும்.

32. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், குடும்பக் குரூப், முகநூல் எங்கேயும் இதைப் பற்றி எழுதாதீர்கள். ஆத்திரத்தில் போட்ட ஒரு வரி நாளை எதிர்த்தரப்புக்கு ஆதாரமாகும். மாமியார் வீட்டுக்கு விவரம் சொல்ல வேண்டுமானால் நேரில் போய்ச் சொல்லுங்கள்.

33. இழப்பீடு கேட்கப் போவதில்லை என்றாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் போட்டுவிடுங்கள். பாலிசி எண், விபத்து நடந்த தேதி, நேரம், இடம், அடிபட்டவர் விவரம், ஓட்டியவர் பெயர், லைசென்ஸ் விவரம் ஆகியவற்றைத்தான் 134 கேட்கிறது. யார் தவறு என்ற அபிப்பிராயம் அந்தக் கடிதத்தில் வேண்டாம்.

34. ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகாதீர்கள். போகும் முன் போன் செய்து விசாரணை அதிகாரி இருக்கும் நேரம் கேட்டுக்கொண்டால் ஒரு நடை மிச்சம். பின்னால் உட்கார்ந்து வந்த அம்மாவையோ அறுபது தாண்டிய தாத்தாவையோ சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால், வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-வது பிரிவு சொல்கிறது.

35. வெள்ளைத் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். விசாரணையில் நீங்கள் சொல்வதை அவர்கள் எழுதிக்கொள்ளலாம், அந்த வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்பதே சட்டம். வேறு எதில் போடச் சொன்னாலும் முழுவதும் படித்துவிட்டு, காலி இடங்களில் கோடு இழுத்துவிட்டுப் போடுங்கள்.

36. லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால் அதற்கு ஒப்புகைச் சீட்டு கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 206-வது பிரிவுப்படி அது கொடுக்க வேண்டியது. வண்டியை ஆய்வுக்கு எடுத்துப்போனால், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும், முறைப்படியான வேலை முடிந்ததும் 24 மணி நேரத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது 136. எடுத்துப்போகும் முன் வண்டியை ஒரு சுற்று வீடியோ எடுத்துவிட்டால், கண்ணாடி, பேட்டரி விஷயத்தில் பின்னால் மனஸ்தாபம் வராது.

37. எஃப்.ஐ.ஆர். நகலுக்காக அலைய வேண்டாம். மிக உணர்வுபூர்வமான வழக்குகள் தவிர மற்றவற்றை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. தமிழ்நாடு காவல்துறையின் தளத்தில் உங்கள் மாவட்டம், ஸ்டேஷன், ஆண்டு கொடுத்துப் பாருங்கள்.

38. சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் அந்தத் தளத்தில் இரண்டு வழி இருக்கும்: ஒப்புக்கொண்டு கட்டுவது, எதிர்த்து வழக்காடுவது. எதிர்ப்பதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு அந்தப் பகுதியின் வழக்கமான கோர்ட்டுக்கு மாறும். கட்டிவிட்டுப் பிறகு எதிர்க்கலாம் என்று நினைக்காதீர்கள், ஒப்புக்கொண்டதாகவே பதிவாகும்.

39. “குற்றத்தை ஒப்புக்கொண்டு தபாலில் பணம் அனுப்பலாம்” என்று சில சம்மன்களில் இருக்கும். வேலை சீக்கிரம் முடியுமே என்று ஆசையாகத்தான் இருக்கும். செய்யாத 187-ஐ ஒப்புக்கொண்டால் அது உங்கள் பெயரில் நிற்கும், நாளை வேறொரு சம்பவத்தில், ‘மறுமுறை’ என்று தண்டனை இரட்டிக்கும். அவசரப்படாதீர்கள்.

40. சம்பவத் தேதியையும் கோர்ட் வழக்கை எடுத்துக்கொண்ட தேதியையும் கணக்குப் போடுங்கள். ஒரு வருடம் வரை சிறை உள்ள குற்றத்துக்கு ஒரு வருடத்துக்குள் வழக்கு எடுக்க வேண்டும் என்ற காலவரம்பு உண்டு (514-வது பிரிவு, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா). தாண்டியிருந்தால் வக்கீலிடம் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். தாமதத்துக்குக் கோர்ட் விலக்கு தரலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

41. வக்கீல் கட்டணத்துக்குப் பயந்து வீட்டுக்குள் முடங்காதீர்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்களுக்கு வருமானம் பார்க்காமலும், குறைந்த வருமானக்காரர்களுக்கு வரம்புக்கு உட்பட்டும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும். 15100-க்குப் போன் செய்யுங்கள், அல்லது கோர்ட் வளாகத்திலேயே அவர்கள் அலுவலகம் எங்கே என்று கேளுங்கள்.

42. சொந்தமாக வக்கீல் வைத்தால், அதே கோர்ட்டில் தினமும் ஆஜராகிறவராகப் பாருங்கள். மொத்தமாக எவ்வளவு, வாய்தாவுக்கு எவ்வளவு என்று வக்காலத்தில் கையெழுத்திடும் முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். தேதிவாரியாக ஒரு பக்கச் சுருக்கமும் ஜெராக்ஸ் கட்டும் கொண்டுபோனால் அவருக்கு நேரம் மிச்சம், உங்களுக்குப் பணம் மிச்சம்.

43. வாதத்தின் அடிப்படை இதுதான்: அந்த வண்டி, அந்த ஓட்டுநர், அந்த விபத்து, செய்யத் தவறிய கடமை நான்கையும் நிரூபிக்க வேண்டியவர்கள் எதிர்த்தரப்பினர். நாலில் எது பலவீனம் என்று வக்கீலோடு உட்கார்ந்து பாருங்கள். எல்லாவற்றையும் மறுப்பதைவிட, உண்மையாகவே ஓட்டையாக இருக்கும் ஒன்றைப் பிடிப்பது நல்லது.

44. வாய்தாவைத் தவறவிட்டால் பிடிவாரண்ட் வரலாம். இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கு எண்ணைச் சேமித்து வைத்தால் அடுத்த தேதியைக் கையிலேயே பார்க்கலாம், ஒவ்வொரு முறையும் போன் போட்டுக் கேட்க வேண்டாம். உடம்பு முடியாவிட்டால் மருத்துவச் சான்றோடு வக்கீலை மனு போடச் சொல்லுங்கள்.

45. கோர்ட் நாளில் காலை பத்து மணிக்கே போய்விடுங்கள், மத்தியானம் வரை காத்திருக்க நேரலாம். தண்ணீர், இட்லியோ சப்பாத்தியோ ஒரு டப்பா, ஆதார், ஃபைல், அணைத்த போன் போதும். ஃபைலில் அசல் ஒரு உறை, மூன்று ஜெராக்ஸ் கட்டு தனித்தனி. அசலைக் கோர்ட்டைத் தவிர யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

46. எதிராளியோடு பேசி முடிப்பது நல்லதுதான், சின்னச் சேதம் என்றால் மனக்கசப்பும் தீரும். பணத்தை ரொக்கமாகத் தராமல் வங்கி வழியாகக் கொடுத்து, இன்ன தேதி விபத்துக்கு என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஆனால் அதனால் 187 தானாக மறைந்துவிடாது. சமரசத் தாளை வக்கீல் மூலம் கோர்ட்டில் காட்ட வேண்டும்.

47. விடுதலை என்று தீர்ப்பு வந்ததும் வீட்டுக்கு ஓடிவிடாதீர்கள். சான்றிட்ட நகலுக்கு அன்றே மனு போட்டு, வந்ததும் பரிவாகன் தளத்தில் சலான் நிலுவை நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நிலுவையாகவே நின்றால் அந்த நகலோடு போக்குவரத்துப் போலீஸிடம் மனு கொடுங்கள். வண்டியை விற்கும்போதும் பெயர் மாற்றும்போதும் இது வழியில் நிற்கும்.

48. வண்டி டேஷ்போர்டிலோ சீட்டுக்கு அடியிலோ ஒரு பிளாஸ்டிக் கவரில் இவற்றைப் போட்டு வையுங்கள்: எழுதுகிற பேனா ஒன்று, வெள்ளைத் தாள் இரண்டு, பாலிசி எண்ணும் 108, 112, 15100 எண்களும் எழுதிய அட்டை, முதலுதவிப் பஞ்சும் கட்டுத் துணியும். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை எடுத்துப் பார்த்துப் பேனா எழுதுகிறதா, பாலிசி எண் புதுப்பித்ததுதானா என்று சரிபாருங்கள்.